தோலை விடுங்க, விதையை பாருங்க

கேள்வி: என் பையனுக்கு நாலு வயசு. முன்தோல் பின்னாடி போகவே மாட்டேங்குது, ஒண்ணுக்கு போகும்போது நுனி பலூன் மாதிரி உப்பிக்குது. குளிப்பாட்டும்போது தினமும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துவிடணும்னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. போன வாரம் அப்படி இழுத்ததுல லேசா ரத்தம் வந்துடுச்சு, ரெண்டு நாளா ஒண்ணுக்கு போகவே அழுதான். தோலுக்கு அடியில வெள்ளையா ஒரு கட்டி வேற தெரியுது. காட்டின டாக்டர் "தோலை எடுத்துடலாம்"னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். இன்னொண்ணு, இடது பக்க விதை சில நேரம் இருக்கு, சில நேரம் இல்ல. அதுக்கு என் கணவர் "வளர வளர சரியாயிடும்"னு சொல்றார். யார்கிட்ட கேக்கறதுன்னே தெரியல, கூச்சமா இருக்கு.
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: முதல்ல அந்த இழுக்கற வேலைய நிறுத்துங்க, இன்னிக்கு குளியல்லேர்ந்தே. பெரியவங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, அவங்களுக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஆனா ஆண் குழந்தை பொறக்கும்போதே முன்தோலும் உள்ள இருக்கற மொட்டும் ஒட்டித்தான் இருக்கும், அது வியாதி இல்ல, அமைப்பே அப்படி. அந்த ஒட்டு தானா விடும், சிலருக்கு மூணு வயசுல, சிலருக்கு பத்து வயசுல, சிலருக்கு மீசை அரும்பற வயசுல. டென்மார்க்ல ஓஸ்டர்னு ஒரு டாக்டர் ஸ்கூல் பசங்கள பல வருஷம் தொடர்ந்து பாத்து 1968ல எழுதினார், 6-7 வயசுல 100க்கு 63 பேருக்கு ஒட்டு இன்னும் முழுசா விட்டிருக்கல, 16-17 வயசுல பாத்தா வெறும் 3 பேருக்குத்தான் மிச்சம். உங்க பையனுக்கு நாலுதான் ஆகுது.

இழுத்தா என்ன ஆகும்னா, சின்னச் சின்னதா கிழியும், அது ஆறும்போது தழும்பாகும், தழும்பு இறுகினா அந்த வாய் அப்புறம் நிஜமாவே விரியாது. இல்லாத வியாதிய நாமளே உண்டாக்கின கதை ஆயிடும். இதவிட மோசம், இழுத்த தோல் பின்னாடியே மாட்டிக்கிட்டு முன்னாடி வராம நின்னுடறது. மொட்டு வீங்கி, சிவந்து, வலில துடிப்பான், அதுக்கு காலைல பாத்துக்கலாம்னு இருக்கக்கூடாது, உடனே எமர்ஜென்சிதான். இத வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, உங்க பேச்சு எடுபடலன்னா இந்தப் பக்கத்தயே காட்டுங்க.

போன வாரம் வந்த ரத்தம் லேசானதுதானே, அப்ப பயம் வேண்டாம். ஒரு டப்ல வெதுவெதுப்பா தண்ணி ஊத்தி அதுல கொஞ்ச நேரம் உக்கார வைங்க, எரியுதுன்னு அடக்கினா அந்த தண்ணிலயே போகச் சொல்லுங்க, எரிச்சல் ரொம்ப கம்மியா தெரியும். அப்புறம் நுனில கொஞ்சம் வாசலின் தடவி விடுங்க. அரை நாளுக்கு மேல ஒண்ணுக்கே போகலன்னா மட்டும் தூக்கிட்டு ஓடுங்க.

அந்த வெள்ளைக் கட்டி சீழ் இல்ல. உள்ள உதிர்ற தோல் செல்லெல்லாம் சேர்ந்து முத்து முத்தா நிக்கும், ஒட்டு விடற இடத்துலதான் அது சேரும், அதாவது வேலை சரியா நடந்துட்டு இருக்குன்னு அர்த்தம். வழி கிடைக்கும்போது அதுவா வெளிய வரும், நீங்க பிதுக்க வேண்டாம். நுனி சிவந்து வீங்கி, தொட்டா வலிச்சு, நாத்தத்தோட சீழ் வந்தா அது இன்ஃபெக்‌ஷன், அப்ப டாக்டர பாருங்க.

உப்பறதும் அப்படித்தான். ஒட்டு கொஞ்சம் விட்டு வாய் இன்னும் சின்னதா இருக்கற காலத்துல ஒண்ணுக்கு அங்க தேங்கி உப்பும், வலி இல்லாம கடைசில நல்லா பீச்சியடிச்சா பிரச்சினை இல்ல. முக்கி முக்கி போறான், நூல் மாதிரி வருது, சொட்டு சொட்டா வருது, ஜட்டி எப்பவும் ஈரமா இருக்குன்னா அது வேற விஷயம். சில ஆண் குழந்தைங்களுக்கு பொறக்கும்போதே மூத்திரக் குழாய்க்குள்ள ஒரு ஜவ்வு வழிய மறிச்சுட்டு நிக்கும், கண்டுபிடிக்காம விட்டா கிட்னி வரைக்கும் அடிவாங்கும். அதனால தோல பாக்கற நேரத்துல தாரைய பாருங்க.

இப்ப ஆபரேஷன். மத வழக்கமா செய்யறவங்க விஷயத்துக்குள்ள நான் போகல, மருத்துவக் காரணத்துக்காக மட்டும் பேசறேன். நாலு வயசுல தோல் பின்னாடி போகலங்கறது மட்டுமே அதுக்குக் காரணம் ஆகாது. நுனில வெள்ளையா, கெட்டியா தழும்பு வளையம் மாதிரி ஆயிடுச்சு, திரும்பத் திரும்ப சீழ் வைக்குது, இல்ல கிட்னில ஏதோ கோளாறு இருந்து அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருதுன்னா அப்ப எடுக்கறதுல நியாயம் இருக்கு. வாய் நிஜமாவே இறுக்கமா இருந்து தொந்தரவு பண்ணா, முதல்ல பீட்டாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு கிரீம் எழுதுவாங்க, இறுகின இடத்துல மெல்லிசா, தினம் ரெண்டு வேளை, நாலுலேர்ந்து எட்டு வாரம். பெரும்பாலான பசங்களுக்கு அதுலயே இளகிடும், கத்தி தேவைப்படாது. டாக்டர் பாத்து எழுதினாத்தான் போடணும், வீட்ல யாருக்கோ படர்தாமரைக்கு வாங்கின ட்யூப எடுத்து தடவிடாதீங்க. ஒண்ணுக்கு வர்ற ஓட்டை நுனில இல்லாம கீழ்ப்பக்கமா இருக்கற குழந்தைக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அவசரப்பட்டு தோல எடுக்கக்கூடாது, அத சரி பண்ற ஆபரேஷனுக்கு அந்தத் தோல்தான் வேணும்.

இவ்வளவு நேரம் பேசினது எல்லாம் காத்திருக்கலாம்ங்கற கணக்கு. உங்க லெட்டர்ல என்னை யோசிக்க வெச்சது விதையப் பத்தி எழுதின வரிதான். உங்க கணவர் சொன்ன "வளர வளர சரியாயிடும்" தோலுக்குப் பொருந்தும், விதைக்குப் பொருந்தாது. வீட்ல எல்லாரும் தோலுக்குப் பதறிட்டு விதைய விட்டுட்டீங்க.

விதை கருவுல வயித்துக்குள்ள உருவாகி, பொறக்கறதுக்கு முன்னாடி பைக்குள்ள இறங்கும். மாசம் நிறைஞ்சு பொறந்த பசங்கள்ல 100க்கு சுமார் 3 பேருக்கு அது இறங்காம இருக்கும், குறைமாசக் குழந்தைங்களுக்கு இன்னும் அதிகம். முதல் ஆறு மாசத்துக்குள்ள பலருக்கு தானா இறங்கிடும், அதுக்கு மேல இறங்கறது அபூர்வம், அதனாலதான் ஆறுலேர்ந்து பதினெட்டு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணி இறக்கி வெச்சுடணும்னு சொல்றாங்க. பை உடம்பவிட கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கும், அந்த குளிர்ச்சிலதான் விதை ஒழுங்கா வளரும், மேலயே இருந்துட்டா பின்னாடி குழந்தை பெத்துக்கறதுல சிக்கல் வரலாம், கேன்சர் வாய்ப்பும் கொஞ்சம் கூடும்.

ஆனா உங்க பையனுக்கு "சில நேரம் இருக்கு"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது நல்ல செய்தியாவும் இருக்கலாம். விதைய மேல இழுக்கற ஒரு தசை இருக்கு, குளிர் பட்டா, பயந்தா, தொடையில கை வெச்சாக்கூட சுருங்கி விதைய மேல தூக்கிடும், இந்த வயசுல அது ரொம்ப சுறுசுறுப்பா இருக்கும். அதனால இப்படிப் பாருங்க: வெந்நீர்ல குளிச்ச கையோட, உடம்பு சூடா இருக்கும்போது, சம்மணம் போட்டோ குந்தியோ உக்கார வைங்க, கை வைக்காம வெறும் கண்ணால பாருங்க, விளையாட்டு காட்டிட்டு கொஞ்ச நேரம் விடுங்க. ரெண்டும் பைக்குள்ள இறங்கி அங்கயே நின்னுச்சுன்னா பெரும்பாலும் அந்த தசையோட வேலைதான், ஆபரேஷன் வேண்டாம். ஆனா வருஷத்துக்கு ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டிட்டே இருக்கணும், இந்த மாதிரி ஏறி இறங்கற விதை சிலருக்கு வளரும்போது மேலயே தங்கிடும். அப்படி உக்கார வெச்சும் இடது பக்கம் காலியாவே இருந்தா, இல்ல டாக்டர் கீழ கொண்டுவந்து விட்ட உடனே மேல ஓடினா, தள்ளிப்போடாதீங்க, நாலு வயசாயிடுச்சேன்னு பயந்துட்டு இருக்கவும் வேண்டாம், இப்பவும் செய்யலாம். பெரும்பாலும் ஸ்கேன்கூட தேவையில்ல, பழகின டாக்டர் கையால பாத்தாலே போதும்.

நீங்க கேக்கலதான், ஆனாலும் சொல்லிடறேன், ஏன்னா இதுல மணிக்கணக்குதான் முக்கியம். திடீர்னு ஒரு பக்க விதைல வலி, வீக்கம், வாந்தி வந்தா விதை முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னிருக்கலாம். 12 வயசுக்கு மேலதான் அதிகம், சின்னப் பசங்களுக்கும் வரும். ஆறு மணி நேரத்துக்குள்ள முறுக்க எடுத்துவிட்டா விதைய காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு, போகப்போக அது குறைஞ்சுட்டே போகும். இதுல பெரிய தொல்லை, பசங்க கூச்சத்துல "வயிறு வலிக்குது"ன்னுதான் சொல்லுவாங்க. வயித்து வலின்னு துடிக்கற பையனுக்கு ஜட்டிய இறக்கி ஒரு தடவை பாக்கறது தப்பே இல்ல. வழில எதுவும் சாப்பிடக் கொடுக்காம, ஆபரேஷன் வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கு நேரா போங்க. அதே மாதிரி, அழும்போது தொடை இடுக்குல புடைச்சு அப்புறம் மறையற வீக்கம் குடலிறக்கமா இருக்கலாம், அதுக்கு நாள் குறிச்சு ஆபரேஷன் பண்ணணும், புடைச்சது உள்ள போகாம கல்லு மாதிரி நின்னா அன்னிக்கே.

உங்களுக்கே கூச்சமா இருக்குன்னு எழுதியிருக்கீங்க, அந்தக் கூச்சம் அவனுக்கும் ஒட்டிக்கும். அந்த இடத்துக்கு வீட்ல என்ன பேர் வெச்சு சொல்றீங்களோ அதையே சாதாரணமா சொல்லிப் பழக்குங்க, "அங்க வலிச்சா அம்மாகிட்ட உடனே சொல்லணும், திட்டமாட்டேன்"னு சொல்லி வைங்க.

குழந்தைகள் சர்ஜன் ஒருத்தர்கிட்ட ரெண்டாவது கருத்து கேளுங்க, ஆபரேஷன்னு சொன்னா "என்ன காரணத்துக்கு, கிரீம் போட்டுப் பாக்கலாமா"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. அவன் ஒண்ணுக்கு போறத முகம் தெரியாம போன்ல சின்னதா வீடியோ எடுத்துட்டுப் போய் காட்டிட்டு அப்புறம் அழிச்சிடுங்க, அங்க போய் போகச் சொன்னா போகமாட்டான். பரிசோதனை ரூம்ல ஏசி ஜில்லுன்னு இருந்தா குறைக்கச் சொல்லுங்க, டாக்டர் கையையும் கொஞ்சம் சூடு பண்ணிக்கச் சொல்லுங்க, இல்லன்னா அங்கயும் விதை மேல ஏறிக்கிட்டு "காணோம்"னு எழுதிக் கொடுத்துடுவாங்க.