காற்று இரைந்தால் அலறும் மகன்: பாம்பன் சகோதரிக்கு

சகோதரி, புயலில் கூரை பறந்த இரவுக்குப் பிறகு வாடைக்காற்று இரைந்தாலே மகன் அலறுகிறான், அந்தப் பேச்சையே எடுக்காமல் இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் வாயை அடைக்காதீர்கள். அவனாகச் சொல்ல வந்தால் பொறுமையாகக் கேளுங்கள். தோண்டித் துருவவும் வேண்டாம்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின், நமக்கு எதிர்க்கரையான இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழு, நடந்ததையெல்லாம் ஆலோசகரிடம் வரிசையாகச் சொன்னது. மற்றது தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தது. ஆறே அமர்வுகள். ஆறு மாதம் கழித்து இரண்டிலும் பெரும்பாலோர் மீண்டிருந்தார்கள். சிகிச்சை தந்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய நம்பிக்கை.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் மறைக்காதீர்கள். ஒன்றாம் எண் என்றால் ஆபத்து இன்னும் தொலைவில் இருக்கிறது என்று விளக்குங்கள். பயம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.