சுரிகுழலி என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: தலைநிறையச் சுருட்டை முடியோடு பிறந்திருக்கும் எங்கள் மகளுக்குச் ‘சுரிகுழலி’ என்று பெயர் வைக்க விரும்புகிறோம். இளவயதில் யாழ்ப்பாணத்தில் இருந்த என் அப்பத்தா, “சுரி என்றால் சேறு, குழல் என்றால் ஊதுகுழல், பிள்ளைக்கு இப்படியா பேர் வைப்பது?” என்கிறார். சொல்லின் பொருள் என்ன? (வாசகர், தேவகோட்டை)

பதில்: உங்கள் அப்பத்தா சொல்வதில் பிழையில்லை. ஈழத் தமிழில் சேற்றைச் சுரி என்பது இன்றும் வழக்கில் உள்ளது. ஆனால் இந்தப் பெயரில் உள்ள ‘சுரி’ வேறு. அது சுருளுதல், வளைந்து சுழிதல் என்னும் பொருளுடைய வினை. சுருள், சுருட்டு, சுருங்கு ஆகியவை அதற்கு நெருங்கிய உறவுச் சொற்கள். பூசையறையில் சங்கு இருந்தால் அதன் முனையைப் பாருங்கள். புள்ளியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி விரியும் அந்த வளைவே சுரி. சங்கைச் ‘சுரிமுகம்’ என்று பழைய நிகண்டுகள் கூறுவது அதனால்தான். சுருண்ட தலைமுடிக்குச் ‘சுரியல்’ என்ற பெயரும் இதே வினையிலிருந்து பிறந்தது.

குழல் என்பது உள்ளே துளையுடைய எதற்கும் பொதுவான சொல். “குழலினிது யாழினிது” என்னும் குறளில் அது இசைக்கருவி, அடுப்பங்கரையில் ஊதுகுழல். குழலுதல் என்ற வினைக்கோ சுருளுதல் என்பது பொருள். ஐம்பால் எனப்பட்ட ஐவகைக் கூந்தல் முடிப்புகளை முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என எண்ணுவர். அவற்றுள் ஒன்றாக இருந்த குழல் பின்னர்ப் பெண்களின் கூந்தலுக்கே பொதுப்பெயராயிற்று. திருச்சி மலைக்கோட்டை அம்மனுக்கு மட்டுவார்குழலி என்றும், காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில் அம்மனுக்கு ஏலவார்குழலி என்றும் திருப்பெயர்கள் வழங்குவதை அப்பத்தாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவை ஊதுகுழலைக் குறிப்பவை அல்ல என்பதை அவரே ஒப்புக்கொள்வார்.

நான் வற்புறுத்த விரும்புவது எழுத்தைப் பற்றியே. சுரிந்த, சுரிகின்ற, சுரியும் குழல் என முக்காலத்துக்கும் பொருந்துவதால் ‘சுரிகுழல்’ வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை ‘ஊறுக்காய்’ என்று நாம் எழுதுவதில்லை அல்லவா? ஒரு ‘க்’ கூடிச் ‘சுரிக்குழலி’ ஆகிவிட்டால் ‘சுரி’ பெயர்ச்சொல்லாகிவிடும். அப்பத்தா அஞ்சும் சேற்றுப் பொருளுக்கு அப்போதுதான் இடமுண்டாகும். பத்திரிகை அச்சடிப்பவர்கள் நல்லெண்ணத்தோடு இந்த ஒற்றைச் சேர்த்துவிடுவது உண்டு. மெய்ப்பை நீங்களே பார்த்துவிடுங்கள்.

பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்திருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே அப்பத்தாவின் மனம் இசையும்வரை பொறுத்திருந்து, ‘சுரிகுழலி’ என்று ஒற்று மிகாமல் எழுதிக் கொடுத்துப் பதியுங்கள்.