வாசகர் கேள்வி–பதில்: உருவத்தின்மேல் உடையை வரைவது

மனித உருவத்தின் அளவுகளைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உடையையும் அதன் மடிப்புகளையும் பற்றியே கேட்டிருந்தன. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்ததால், அவற்றில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

எலும்பு, தசை அமைப்பை ஓரளவு பழகிவிட்டேன். ஆடையில்லாமல் வரைந்தால் உருவம் சரியாக நிற்கிறது. அதன்மேல் சுடிதாரையோ சட்டையையோ வரைந்தவுடன் உருவம் மறைந்து, கோடுகள் மட்டுமே மிஞ்சுகின்றன. எங்கே தவறுகிறேன்?
— கல்லூரி மாணவி, கரூர்

நீங்கள் மடிப்பைப் பார்த்து மடிப்பை வரைகிறீர்கள். அந்த மடிப்பை உண்டாக்கியது எது என்று பார்ப்பதில்லை. துணிக்கென்று தனியாக ஓர் உருவம் கிடையாது. அது எங்கோ ஓரிடத்தில் பிடிபட்டிருக்கிறது, அங்கிருந்து தன் எடையால் கீழே இறங்குகிறது. நிற்கும் மனிதரின் உடலில் அப்படிப் பிடிக்கும் இடங்கள் மிகச் சில: தோள்பட்டை, மார்பு, இடுப்பு, பிட்டம், கையையோ காலையோ மடக்கினால் முழங்கையும் முழங்காலும், இவற்றோடு பெல்ட், நாடா, பொத்தான் போன்ற கட்டுகள். ஒவ்வொரு மடிப்பும் இவற்றில் ஒன்றில் தொடங்கி இன்னொன்றுக்குப் போகிறது, அல்லது வழியிலேயே தளர்ந்து மறைகிறது. ஆகவே பென்சிலை வைக்குமுன், இந்த மடிப்பு எங்கிருந்து வருகிறது, எதை நோக்கிப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காத மடிப்பை, அது கண்ணெதிரே இருந்தாலும், தயங்காமல் விட்டுவிடலாம்.

இதைக் கண்ணால் கண்டு தெளிவதற்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் இரண்டு குண்டூசிகளும் போதும். கைக்குட்டையின் ஒரு மூலையை மட்டும் சுவரில் குத்தித் தொங்கவிட்டால், மடிப்புகள் அந்த ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, கீழே இறங்க இறங்க அகன்றுகொண்டே போகும். அடுத்து, மேல்விளிம்பின் இரண்டு மூலைகளையும் ஒரே உயரத்தில், ஆனால் துணியின் அகலத்தைவிட நெருக்கமாகக் குத்துங்கள். இப்போது நடுப்பகுதி தொய்ந்து விழும். இடது ஊசியிலிருந்து ஒரு மடிப்பும் வலது ஊசியிலிருந்து ஒரு மடிப்பும் மாறி மாறி இறங்கி, நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மடங்குவதைக் காண்பீர்கள். ஊசிகளை மெல்ல விலக்கிக்கொண்டே போனால் தொய்வு குறைந்து, முடிவில் இரண்டு ஊசிகளுக்கும் நடுவே நேரான, இறுக்கமான ஒரே கோடு மட்டும் நிற்கும். ஒரு கையை உயர்த்தி நிற்கும் பெண்ணின் குர்தாவில் உயர்த்திய தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்கு ஓடும் இழுவையும், தோளிலிருந்து தோளுக்குத் தளர்வாகக் கிடக்கும் துப்பட்டாவின் தொய்வும் இந்தச் சுவரில் நீங்கள் பார்த்தவைதாம்.

இன்னொன்று, இதுவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. துணி உடலோடு ஒட்டியிருக்கும் இடத்தில் மடிப்பு அநேகமாக வருவதில்லை. உடலைவிட்டு விலகும் இடத்தில்தான் வருகிறது. தோளின் மேற்புறம், உட்கார்ந்தவரின் தொடை, மடக்கிய முழங்காலின் முன்புறம் ஆகிய இடங்களை வெறுமையாக விட்டுப் பாருங்கள். உங்கள் உருவம் காணாமல் போவதற்குக் காரணம், அந்த வெற்றிடங்களையெல்லாம் நீங்கள் கோடுகளால் நிரப்பிவிடுவதுதான். மடிப்பு என்பது கோடும் அல்ல. அதற்கு வெளிச்சம் படும் மேற்பரப்பு ஒன்றும், சரிந்து இறங்கும் பக்கம் ஒன்றும், நிழல் தங்கும் பள்ளம் ஒன்றும் உண்டு. பென்சிலைச் சாய்த்துப் பிடித்து இந்த மூன்றையும் மூன்று அழுத்தங்களில் போட்டுவிட்டு, ஒரு மடிப்பு இன்னொன்றை மறைக்கும் விளிம்பில் மட்டும் கூர்மையான கோட்டை வையுங்கள்.

சேலை கட்டிய பெண்களை வரைய மிகவும் ஆசை. ஆனால் கொசுவம் அட்டையை மடித்து ஒட்டியதுபோல விறைப்பாகவே வருகிறது. முந்தானையும் தோளில் ஒட்டாமல் நிற்கிறது.
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

நீங்கள் அன்றாடம் கட்டும் உடை இது. ஓவியப் பள்ளியில் படித்தவருக்கும் இல்லாத அறிவு உங்கள் கைகளில் இருக்கிறது. அதை அப்படியே தாளுக்குக் கொண்டுவாருங்கள். சேலை தையல் இல்லாத, ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமுள்ள ஒரே துணி என்பதால், அது உடலைச் சுற்றிப் போகும் வழியை ஓவியர் தொடர்ந்து நினைவில் வைத்திருக்க வேண்டும். வலது இடுப்பில் செருகித் தொடங்குகிறது. ஒரு சுற்று வந்து, தொப்புளுக்குக் கீழே கொசுவமாகச் செருகப்படுகிறது. மறுபடியும் பின்னால் சுற்றி வலக்கையின் அடியில் புகுந்து, மார்பின் குறுக்கே ஏறி இடது தோளில் விழுகிறது. ஆகவே இடுப்புக்குக் கீழே இருவேறு இயக்கங்கள் சந்திக்கின்றன: உடலைக் குறுக்காகச் சுற்றும் இழுவை ஒன்று, நேராக இறங்கும் கொசுவம் இன்னொன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கொசுவம் விறைப்பாக வருவதற்குக் காரணம், கோடுகளை இடுப்பில் தொடங்கி ஒன்றுக்கொன்று இணையாகக் கீழே இழுத்துவிடுவது. செருகிய இடத்தில் மடிப்புகள் அனைத்தும் ஒரு கையகலத்துக்குள் நெருங்கியிருக்கின்றன, பாதத்துக்கு வரும்போது விரிந்துவிடுகின்றன. எனவே கீழிருந்து தொடங்குங்கள். முதலில் சேலையின் கரையை மட்டும் ஒரு நாடாவாக எண்ணி, அது முன்னும் பின்னுமாக மடங்கி மடங்கிப் போவதை வரையுங்கள். கட்டியிருப்பவரின் இடப்பக்கம் நோக்கி மடிப்பு விளிம்புகள் அடுக்கப்பட்டிருப்பதால், எதிரே நிற்கும் நமக்கு அவை வலப்புறமாகத் திரும்பித் தெரியும். நாடா திரும்பும் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒரு கோட்டை மேலே ஏற்றி, செருகிய இடத்தில் சேருங்கள். சில மூலைகள் முன்மடிப்புக்குப் பின்னால் மறைந்துவிடும், அவற்றை விட்டுவிடுங்கள். எல்லா மடிப்புகளும் ஒரே அகலத்தில் இருக்கவும் வேண்டாம். கரை பாதத்தின்மேல் தங்கும் இடத்தில் துணி சற்று மடங்கி உடையும். அந்தச் சிறிய முறிவைக் காட்டினால் பெண் தரையில் நிற்கிறாள் என்பது உறுதியாகும்.

நடக்கும்போது முன்வைத்த முழங்கால் துணியைத் தள்ளி வெறுமையாக்குகிறது. அந்த முழங்காலிலிருந்து பின்காலின் கணுக்காலை நோக்கி நீண்ட மடிப்பொன்று சரிந்து ஓடும், கொசுவம் சற்றுப் பிந்தி அசையும். முந்தானைக்கோ எல்லா மடிப்புகளும் இடது தோளில்தான் கூடுகின்றன. ஊசி குத்தி அடுக்கியிருந்தால் அவை தோளில் நெருங்கி, வலப்பக்க விலாவை நோக்கி விரியும். ஒற்றையாக விட்ட முந்தானை தோளிலிருந்து நழுவி முன்கையில் தங்கும். தோளும் கையும் அப்போது அந்த இரண்டு குண்டூசிகளாகிவிடுகின்றன.

துணியின் இயல்பையும் கவனியுங்கள். காஞ்சிபுரம் பட்டில் மடிப்புகள் குறைவு. இருப்பவை பெரியவை, முகடுகளில் வெளிச்சம் பளிச்சென்று நிற்கும். கஞ்சி போட்ட பருத்திச் சேலை உடலைவிட்டு விலகி நிற்கும், மடிப்புகள் கோணம் கோணமாக உடையும். ஜார்ஜெட் உடலோடு இழைந்து மெல்லிய மடிப்புகளாக நேரே இறங்கும். ரவி வர்மாவின் (1848–1906) எண்ணெய் வண்ணங்களில் பட்டும் ஜரிகையும் வெளிச்சத்தை வாங்கும் விதத்தையும், 2021இல் நம்மைவிட்டுப் பிரிந்த எஸ். இளையராஜாவின் ஓவியங்களில் கிராமத்துப் பெண்களின் எளிய சேலைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த வேறுபாடு நான் எழுதுவதைவிடத் தெளிவாக விளங்கும்.

முழுக்கைச் சட்டையில் முழங்கை மடங்கும் இடத்தை எப்படி வரைவது?
— பத்தாம் வகுப்பு மாணவர், மதுரை

தம்பி, கையை மடக்கிக் கண்ணாடியில் பார். முழங்கையின் வெளிப்புறத்தில் துணி இழுபட்டு வழவழப்பாக இருக்கும். உட்புறத்தில் நெருக்குண்டு, அங்கிருந்து மடிப்புகள் பிரிந்து கையைச் சுற்றிச் சென்று வெளிப்புறத்துக்கு வருமுன் மறைந்துவிடும். அவை உருளையைச் சுற்றும் வளைவுகள் என்பதால், கை உன்னை நோக்கி நீண்டால் ஒரு பக்கமும், விலகிப் போனால் மறுபக்கமும் வளையும். கையை நீட்டிய பிறகும் பழைய மடிப்பின் தடம் கோணல்மாணலாகத் துணியில் தங்கியிருக்கும். மணிக்கட்டில் பொத்தான் போட்ட பட்டி துணியைத் தடுத்து நிறுத்துவதால், அதற்கு மேலே சற்றுத் துணி குவிந்து நிற்கும். ஜீன்ஸ் கால்சட்டையின் முழங்காலுக்கும் இதே கணக்குதான். துணி தடிப்பாக இருப்பதால் மடிப்புகள் மட்டும் குறைவு.

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் உடைக்கு மடிப்பே இல்லாததுபோல் தெரிகிறது. மடிப்பில்லாமலும் உடையைக் காட்டலாம் என்றால், இவ்வளவு பயிற்சி எதற்கு?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகப்பட்டினம்

நல்ல கேள்வி, ஐயா. அந்தத் திருமேனிகளில் இடையாடை தொடையோடு ஒட்டிக் கிடக்கிறது. செதுக்கிய மெல்லிய கோடுகளும், துணி முடியும் விளிம்பும், இடுப்பின் இருபுறமும் வெளியே வீசி நிற்கும் முடிச்சுத் தலைப்புகளுமே அதை ஆடை என்று சொல்கின்றன. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாரநாத் புத்தர் இதைவிட ஒரு படி மேலே போகிறார். கழுத்திலும் கைகளிலும் கணுக்காலருகிலும் தெரியும் விளிம்புகளைத் தவிர, அங்கியில் மடிப்பே கிடையாது. ஏறக்குறைய அதே காலத்து மதுராவில் செதுக்கப்பட்ட புத்தர்களின் அங்கியிலோ கயிறு கயிறாக மடிப்புகள் வரிசையாக வளைந்து இறங்குகின்றன. அவர்களுக்கு முந்தைய காந்தாரச் சிற்பிகள் கனத்த துணியை ஆழமான மடிப்புகளோடு செதுக்கினார்கள். துணி எங்கே ஒட்டும், எங்கே விலகும் என்பதை அறிந்த கையால்தான் விளிம்பை மட்டும் வைத்து முழு ஆடையையும் உணர்த்த முடிகிறது. அறியாமல் விட்டால் உருவம் சாயம் பூசிய உடலாகிவிடும். பயிற்சி அதற்காகத்தான்.

லியோனார்டோ டா வின்சி துணியைக் களிமண்ணில் தோய்த்து வரைந்தார் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? வீட்டில் செய்து பார்க்கலாமா?
— தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

16ஆம் நூற்றாண்டில் ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி அவ்வாறுதான் குறிப்பிடுகிறார். களிமண்ணில் உருவம் செய்து, களிமண் கரைசலில் தோய்த்த மென்மையான துணியை அதன்மேல் போர்த்தி, மெல்லிய லினன் துணியில் தூரிகையால் கருப்பும் வெள்ளையுமாகப் பொறுமையாக வரைந்தாராம். அவர் வரைந்ததாகக் கருதப்படும் அத்தகைய படங்கள் சில பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளன. தோய்த்த துணி காய்ந்து இறுகிவிடுவதால் மடிப்புகள் அசையாமல் நிற்கும். நாள் கணக்கில் உட்கார்ந்து பார்க்கலாம்.

வீட்டில் களிமண்ணுக்குப் பதில் கெட்டியான சோற்றுக் கஞ்சி போதும். பழைய வெள்ளை வேட்டியை அதில் நனைத்துப் பிழிந்து, நாற்காலியின் முதுகிலும் இருக்கையிலுமாகப் போட்டுக் காயவிடுங்கள். ஜன்னலோரத்தில் பக்கவாட்டு வெளிச்சம் மட்டும் படும்படி வைத்து, அறை விளக்கை அணைத்துவிடுங்கள். இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் வந்தால் பள்ளங்கள் நிரம்பி மடிப்பு தட்டையாகிவிடும். செல்பேசியின் ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களைப் பார்த்துப் பழக வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

கட்டம் போட்ட துணியை வரையும்போது கட்டங்களும் மடிப்புகளும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. எதை முதலில் வரைவது?
— நெசவாளர் குடும்பத்து இளைஞர், காரைக்குடி

மடிப்பையும் நிழலையும் முதலில் முடித்துவிடுங்கள், கட்டம் பிறகு. உங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தின் குறுக்குக் கோடு மடிப்பின் முகட்டில் வளைந்து ஏறி, பள்ளத்தின் விளிம்பில் அறுந்து, மறுபுறம் சற்று மேலேயோ கீழேயோ மீண்டும் தலைகாட்டும். அது அறுபடும் இடத்தையும் மீண்டும் தோன்றும் இடத்தையும் சரியாக வைத்தால், நிழலே போடாவிட்டாலும் மடிப்பின் ஆழம் தெரியும். பக்கவாட்டில் திரும்பும் பகுதியில் கட்டங்கள் ஒடுங்க வேண்டும், நிழலுக்குள் வண்ணம் மங்க வேண்டும். முழுச் சேலைக்கும் கட்டம் போடத் தேவையில்லை. தொடைமேல் சிறிது, முந்தானையில் சிறிது போட்டுவிட்டு மற்ற இடங்களைக் கரையின் பட்டைக்கோட்டோடு விட்டுவிடுங்கள்.