கேளுங்கள், சொல்கிறேன்: சீன மருத்துவர்கள் சங்கம் வைத்த கதை

கேள்வி: என் மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். முதுகுவலிக்குச் சீன மருத்துவரிடம் அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொள்கிறாளாம். "அவர்களுக்குச் சங்கம் இருக்கு, படிப்பு இருக்கு, பயப்படாதேம்மா" என்கிறாள். அந்தச் சங்கம் எப்போது, யாரால் வந்தது?
– வாசகி, காரைக்குடி

பதில்: உங்கள் மகள் சொல்வது சரிதான் அம்மா. நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் குடியிருக்கிறேன். சிங்கப்பூர் சீன மருத்துவர் சங்கம் நடத்தும் சுங் ஹுவா மருந்தகத்தின் தலைமையிடம் எங்கள் வட்டாரத்தில்தான், நாலாவது லோரோங் என்ற தெருவில் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன்.

கதை சீனாவில் தொடங்குகிறது. 1929 பிப்ரவரியில் அன்றைய தலைநகர் நான்கிங்கில் கூடிய மத்திய சுகாதாரக் குழுவில், மேலை மருத்துவம் படித்த யூ யூன்சியு என்பவர் பழைய மருத்துவத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏற்கெனவே தொழில் செய்பவர்கள் பதிவு செய்துகொள்ளலாம்; புதிதாகப் பள்ளிக்கூடம் திறக்கக் கூடாது; பத்திரிகையில் விளம்பரம் கூடாது. இருக்கிறவர்கள் காலத்தோடு தொழில் தானாக முடிந்துவிடும் என்பது கணக்கு. அதுவரை பெரும்பாலும் ஆளுக்கொரு மூலையில் தொழில் செய்துவந்த வைத்தியர்கள் விழித்துக்கொண்டார்கள். ஷாங்காயில் வைத்தியர்களும் மருந்துக் கடைக்காரர்களும் அரை நாள் கடையடைத்தார்கள். மார்ச் 17ஆம் தேதி பல மாநிலங்களிலிருந்து 250க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் அங்கே மாநாடு கூடி, நான்கிங்குக்குத் தூது அனுப்பினார்கள். தீர்மானம் கிடப்பில் போனது. அந்த மார்ச் 17ஐச் சீன மருத்துவர்கள் பிறகு தங்கள் நாளாகக் கொண்டாடினார்கள்.

அப்புறம் ஜப்பானியப் படையெடுப்பு. சியாமென் ஊரில் சீன மருத்துவப் பள்ளி நடத்திவந்த வூ ருய்ஃபூ என்ற மூத்த மருத்துவர் போரால் ஊரைவிட்டுச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். போர் முடிந்த மறு வருடம், 1946இல், இங்கிருந்த வைத்தியர்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்தபோது தலைவராக அமர்ந்தவர் அவர்தான். அன்று ஆண்ட ஆங்கிலேயர் சட்டம் சீன வைத்தியரைத் தடுக்கவும் இல்லை, மருத்துவர் என்று ஏற்கவும் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நல்ல வைத்தியருக்கும் போலிக்கும் வித்தியாசம் காட்ட ஒரு காகிதம்கூடக் கிடையாது.

சங்கம் செய்த இரண்டு காரியங்களைத்தான் நான் மனதாரப் பாராட்டுவேன். 1952இல் இலவச மருந்தகம் திறந்தார்கள். உறுப்பினர்களே முறைவைத்து வந்து, காசு வாங்காமல் நாடி பார்த்தார்கள். மறு வருடம் 1953இல் மருத்துவப் பள்ளி. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் படிக்க வசதியாக மாலை வகுப்பு. பாடம் எடுத்தவர்கள் தொழில் செய்யும் மருத்துவர்களே. மாணவர்கள் நோயாளியைத் தொட்டுப் படித்தது அதே இலவச மருந்தகத்தில். வாத்தியார் பக்கத்தில் நிற்க, ஏழை நோயாளி எதிரில் உட்கார, அங்கேதான் ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவானார்கள். அரசாங்கம் கேட்கவில்லை, பணம் தரவில்லை. சொந்தத் தொழிலின் தரத்தைத் தாங்களே உயர்த்த வேண்டும் என்று நினைத்தார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அரசாங்கம் 1994இல்தான் ஒரு குழு அமைத்தது. தினமும் மருத்துவம் பார்க்கப் போகிற வெளிநோயாளிகளில் சுமார் 12 சதவீதம் பேர் சீன மருத்துவர்களிடம் போகிறார்கள் என்று அப்போது தெரிந்தது. இத்தனை பேர் போகிற இடத்தை எப்படிக் கண்டுகொள்ளாமல் விடுவது? 2000இல் பாரம்பரிய சீன மருத்துவர் சட்டம் நிறைவேறியது, 2001இல் அவர்களைப் பதிவு செய்யும் வாரியம் வந்தது. முதலில் அக்குபஞ்சர் செய்பவர்களையும் பிறகு மருத்துவர்களையும் பதிவு செய்தார்கள். பழைய ஆட்களுக்குப் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்தார்கள். தேவைப்பட்டவர்களைத் தேர்வு எழுதவைத்தார்கள். வயதான காலத்தில் பரீட்சையா என்று பரம்பரை வைத்தியர்கள் சிலருக்குக் கசந்திருக்கும். ஆனாலும் நோயாளி பக்கம் நின்று பார்த்தால் அது வேண்டியதுதான் என்பேன். 2005இல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமே பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டப்படிப்பு தொடங்கியது.

கேள்வி: இந்தச் சீன மருத்துவம் சீன இனத்தவருக்கு மட்டும்தானா? நாங்கள் போனால் பார்ப்பார்களா?
– வாசகர், ஜொகூர் பாரு

பதில்: தாராளமாகப் போகலாம். சங்கத்துக்கெல்லாம் முன்னால், 1867லேயே தோங் சாய் மருத்துவ நிலையத்தை வணிகர்கள் தொடங்கினார்கள். இனம், மதம் பார்க்காமல் இலவசமாகப் பார்ப்பது அவர்கள் கொள்கை. 1892இல் அவர்கள் குடிபுகுந்த வாயாங் ஸ்திரீட் கட்டடம் இன்று தேசிய நினைவுச் சின்னம். சுங் ஹுவாவில் முட்டிவலிக்கு நானே காட்டியிருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு மலாய்ப் பாட்டி உட்கார்ந்திருந்தார். மருத்துவர் இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நிதானமாக நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், தூக்கம் எப்படி, வயிறு எப்படி என்று கேட்டார். வேரையும் பட்டையையும் கட்டிக் கொடுப்பார்கள், வீட்டில் காய்ச்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன்; கொடுத்ததோ பழுப்புத் தூள், வெந்நீரில் கலக்கிக் குடித்தால் போதும். கசப்பு நம் நிலவேம்புக்குக் குறைந்ததில்லை.

கேள்வி: மூலிகைதானே, கெடுதல் செய்யாது என்கிறார்களே?
– வாசகி, சிராங்கூன்

பதில்: அப்படி நம்பாதீர்கள். ஹுவாங்லியன் என்ற கசப்பு வேரைப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் கைக்குழந்தைக்கும் கொடுப்பது வழக்கமாக இருந்தது. ஜி6பிடி என்ற நொதி உடலில் குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதனால் மஞ்சள்காமாலை முற்றுகிறது என்ற கவலையில், 1978இல் சிங்கப்பூர் அரசு அதைத் தடை செய்தது. 2010களில்தான் படிப்படியாகத் தடையை நீக்கினார்கள். இப்போதும் கைக்குழந்தைக்கு யாரும் கைவைத்தியமாகக் கொடுக்க வேண்டாம்.

காரைக்குடி அம்மாவுக்கு இன்னொன்று. வாரியத்தின் இணையப் பதிவேட்டில் மருத்துவரின் பெயர் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முழு மருத்துவராகப் பதிவா, அக்குபஞ்சருக்கு மட்டும் பதிவா என்பதும் அதில் தெரியும். சீன மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருபவருக்கு இந்தப் பதிவு கிடையாது, அவரிடம் நோய்க்கு யோசனை கேட்க வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால், ஊசி குத்துவதற்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.