பழைய போட் மோட்டார் திணறுதா? கார்புரேட்டர கழட்டுறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க

கேள்வி: வணக்கம் சார். எங்கிட்ட ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 15 ஹெச்பி அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி மாட்டுற மோட்டார்) ஒண்ணு இருக்கு, ரொம்ப பழசு. ஐடில்ல அருமையா ஓடுது. ஆனா திராட்டில் முழுசா குடுத்தா ரெண்டு மூணு நிமிஷத்துல மூச்சு திணறி நின்னுடுது, அஞ்சு நிமிஷம் விட்டு இழுத்தா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. கார்புரேட்டர ரெண்டு தடவ கழட்டி கழுவிட்டேன், பிளக்கும் புதுசு போட்டாச்சு, ஒண்ணும் நடக்கல. மோட்டார தூக்கிப் போட்டுடலாமான்னு இருக்கு.

பதில்: தூக்கிப் போடாதீங்க சார், அவசரமே வேணாம். "அஞ்சு நிமிஷம் விட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கு. கார்புரேட்டர் அடியில ஒரு சின்ன கிண்ணம் இருக்கும், அதுல பெட்ரோல் நிரம்பி நிக்கும். ஐடில்ல மோட்டார் குடிக்கிறது கொஞ்சம், அதனால எவ்வளவு மெதுவா வந்தாலும் கிண்ணம் காலியாகாது. திராட்டில் குடுத்ததும் குடிக்கிறது வரத்த தாண்டிடுது, கிண்ணம் வத்திடுது, மோட்டார் நின்னுடுது, சும்மா விட்டா மெதுவா மறுபடி நிரம்புது. அதாவது பெட்ரோல் வர்ற வழியில எங்கயோ அடைப்பு இல்லன்னா காத்து இழுக்குது. நீங்க ரெண்டு தடவ கழுவுன கார்புரேட்டர் சுத்தமாவே இருக்கலாம், கோளாறு அதுக்கு முன்னாடியே இருக்குன்னு நினைக்கிறேன்.

மொதல்ல டேங்க் மூடியில இருக்குற காத்து திருகு. அது மூடியிருந்தா பெட்ரோல் போகப் போக டேங்குக்குள்ள வெற்றிடம் உண்டாகி பெட்ரோல வெளிய விடாது. மோட்டார் நின்ன அந்த நொடியில மூடிய திறந்து பாருங்க, "புஸ்"ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா வேற எங்கயும் தேட வேணாம்.

அடுத்தது டேங்க்ல இருந்து மோட்டாருக்கு வர்ற ஹோஸ்ல, கையால அழுத்தி பெட்ரோல் ஏத்துற ரப்பர் பல்ப். திணற ஆரம்பிக்கும்போதே கூட ஒருத்தர பல்ப அழுத்திக்கிட்டே இருக்கச் சொல்லுங்க. அழுத்துனதும் மோட்டார் தெளிஞ்சா கார்புரேட்டருக்கு முன்னாடிதான் பிரச்சினை. ஓடும்போது பல்ப் தானா சப்பிப் போனா டேங்க் பக்கம் அடைப்பு. எவ்வளவு அழுத்துனாலும் கெட்டியாகலைன்னா எங்கயோ காத்து இழுக்குது இல்ல பல்புக்குள்ள இருக்குற வால்வு போயிருக்கு. பல்ப் மேல ஒரு அம்பு போட்டிருக்கும், அது மோட்டார் பக்கம் பாக்கணும், இதையும் ஒரு தடவ பாத்துடுங்க.

எனக்கு ரொம்ப நம்பிக்கையான வழின்னா, வேற ஒரு சின்ன டேங்க், புது ஹோஸ், புதுசா கலந்த பெட்ரோல், இத மாட்டி ஓட்டிப் பாக்குறதுதான். நல்லா ஓடுனா மோட்டார்ல கையே வைக்க வேணாம். நானும் உங்கள மாதிரி ஒரு தடவ ரெண்டு நாள் கார்புரேட்டரோட மல்லுக்கட்டியிருக்கேன். கடைசியில ஹோஸ கனெக்டர் பக்கத்துல குறுக்க வெட்டிப் பாத்தா, வெளிய பளபளன்னு இருந்த ஹோஸ்ல உள் ரப்பர் உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்கிட்டு இருந்துச்சு, பெட்ரோல் வேகமா வந்தா அந்த நாக்கே போய் ஓட்டைய அடைச்சுக்கும். விரலால தொட்டா மாவு மாதிரி கருப்பா ஒட்டுச்சு. அதுல இருந்து பழைய ஹோஸ்ன்னா பாக்க நல்லா இருந்தாலும் நான் நம்புறதே இல்ல. கனெக்டர்ல இருக்குற சின்ன ஓ-ரிங்கும் (ரப்பர் வளையம்) காஞ்சுபோனா பெட்ரோல் வெளிய ஒழுகாமலே காத்து மட்டும் உள்ள இழுக்கும், அதையும் மாத்திடுங்க.

புது டேங்க்லயும் அதே திணறல்ன்னா அடுத்தது ஃபியூயல் பம்போட டயாஃப்ரம். மெல்லிசான சவ்வு, கழட்டி வெளிச்சத்துல பிடிச்சா ஊசி ஓட்டையும் தெரியும், விறைச்சுப் போயிருந்தாலும் மாத்துங்க. அதுவும் சரியா இருந்தா, நின்ன உடனே சூட்டோட சூடா ஸ்பார்க் டெஸ்டர் வச்சு ரெண்டு சிலிண்டர்லயும் பொறி வருதான்னு பாருங்க, ஏன்னா பிளக்குக்கு கரண்ட் குடுக்குற சில காயில் சூடேறுனதும் செத்து ஆறுனதும் பொழைச்சுக்கும், அதுவும் இதே மாதிரிதான் ஏமாத்தும். ஓடும்போது பிளக் வயர வெறுங்கையால இழுத்துப் பாக்காதீங்க, உங்களுக்கும் ஷாக், பொறிய உண்டாக்குற சிடிஐ யூனிட்டுக்கும் ஆபத்து.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள அழுத்தத்த அளக்குற மீட்டர்) கிடைச்சா அதையும் பாத்துடுங்க. ரெண்டு பிளக்கையும் கழட்டி, வயர எர்த் பண்ணி, திராட்டில முழுசா திறந்து வச்சு நாலஞ்சு தடவ கயிறு இழுங்க. நம்பர் மோட்டாருக்கு மோட்டார் மாறும், அதவிட ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம்தான் முக்கியம். பத்து சதவீதத்துக்கு மேல போனா பிஸ்டன் ரிங்கோ கேஸ்கெட்டோ போயிருக்கலாம், அப்ப கார்புரேட்டர எத்தனை தடவ கழுவுனாலும் பிரயோஜனம் இல்ல.

கேள்வி: போன சீசன் பெட்ரோல் பாதி டேங்க் மிச்சம் இருக்கு. அத உபயோகிக்கலாமா? ஆயில் எவ்வளவு கலக்கணும்?

பதில்: வேணாங்க. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்த இழுத்துக்கும், ஒரு அளவுக்கு மேல போனா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து தனியா பிரிஞ்சு அடியில தங்கிடும், டேங்க்ல உறிஞ்சுற குழாயும் அங்கதான் இருக்கு. கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் ஊத்தி அப்படியே விடுங்க, அடியில தனியா ஒரு படலம் நின்னா கதை முடிஞ்சது. ஆயில் விஷயத்துல உங்க மோட்டார் மேனுவல் என்ன சொல்லுதோ அதுதான் சட்டம். 50:1ன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25:1ன்னா 40 மில்லி. பழைய மோட்டார் பலதுக்கு 25:1 வேணும், அதுல 50:1 ஊத்தி ஓட்டுனா பிஸ்டன்ல கீறல் விழலாம், அத கண்ணால பாக்கும்போது ரொம்ப வேதனையா இருக்கும். போட் மோட்டாருக்குன்னு இருக்குற டிசி-டபிள்யூ3 ஆயில்தான் வாங்கணும், பைக் ஆயில் வேணாம்.

கேள்வி: மோட்டார் நல்லா உறுமுது, ஆனா போட் நகரவே மாட்டேங்குது. கியர் போச்சா?

பதில்: கியர சந்தேகப்படுறதுக்கு முன்னாடி புரொப்பெல்லர கழட்டுங்க. நிறைய புரொப்பெல்லர்ல நடு உருளைக்கும் இறக்கை இருக்குற பகுதிக்கும் நடுவுல ஒரு ரப்பர் இருக்கும், கல்லுல அடிச்சா கியர காப்பாத்த. வயசானா அந்த ரப்பர் வழுக்கும். பின்பக்கமா பாத்து உள் உருளையில இருந்து ரப்பர தாண்டி வெளிய வரைக்கும் மார்க்கர்ல நேரா ஒரு கோடு போடுங்க, மாட்டி தண்ணியில முழு திராட்டில்ல ஓட்டிட்டு மறுபடி கழட்டிப் பாருங்க. கோடு ரெண்டா உடைஞ்சு விலகி நின்னா ரப்பர்தான் போயிருக்கு, கியர் பாக்ஸ தொடவே வேணாம்.

கோடு நேராவே இருந்தா கியர் ஆயில் கொஞ்சம் இறக்கிப் பாருங்க. பால் கலந்த மாதிரி வெள்ளையா வந்தா சீல் வழியா தண்ணி போயிருக்கு, சீல் மாத்தாம அடுத்த தடவ ஓட்டாதீங்க.