தேக்கு டீப்பாயில் லில்லிப் பூவின் மகரந்தம் கொட்டிக் கறையாகிவிட்டது. எப்படி எடுப்பது?

முதலில் ஈரத்துணியைத் தள்ளி வையுங்கள். விரலாலும் தொட வேண்டாம்.

ஓசூரில் கல்யாண மண்டபங்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறேன். இங்கே பசுமைக்குடில்களில் விளையும் ரோஜாவாலும் ஜெர்பராவாலும் இந்தத் தொல்லை கிடையாது. லில்லிதான் வம்பு. பூச்சியின் உடம்பில் ஒட்டிக்கொள்வதற்காக அதன் மகரந்தத்தின் மேல் எண்ணெய்ப் பசை இருக்கும்; கேரட்டில் இருப்பது போன்ற நிறமியும் அதோடு சேர்ந்திருக்கும். தேய்த்தால் அந்தப் பசை பரவி, மர ரேகைக்குள் இறங்கிவிடும்.

தூளாக இருப்பதை ஊதிவிடுங்கள், அல்லது காய்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். மிச்சத்துக்கு செல்லோ டேப். ஒரு துண்டு வெட்டி, மேலே மெதுவாக ஒற்றி, நேராகத் தூக்க வேண்டும். பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. டேப்பில் மஞ்சளாகத் தூள் வந்திருப்பது கண்ணுக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு எடுங்கள். பாலிஷ் பழசாகிச் செதில் செதிலாக உரிகிறது என்றால் டேப் வேண்டாம், அதையும் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும்.

அப்புறமும் நிறம் நின்றால், எந்த பாலிஷ் என்று தெரியாமல் எதையும் ஊற்றாதீர்கள். நிறைய பேர் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். டீப்பாயின் அடிப்பக்கத்தில், யாரும் பார்க்காத மூலையில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பிசுபிசுத்தால் அது அரக்கு கலந்த பிரெஞ்சு பாலிஷ். அதில் ஸ்பிரிட் பட்டால் கறையோடு பாலிஷும் கரைந்து போகும். மெலமைன், பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் என்றால் பொதுவாக ஒன்றும் ஆகாது. துணியில் லேசாக ஸ்பிரிட் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கு எதுவும் எரியக் கூடாது.

பிரெஞ்சு பாலிஷ் என்றால் வெயில்தான் நல்ல வழி. அந்த நிறமி வெளிச்சத்தில் தானாக வெளுக்கும். ஜன்னல் வெயில் கறை மேல் விழும்படி டீப்பாயை நகர்த்திப் போட்டு அவ்வப்போது பாருங்கள். தேக்கின் நிறமும் வெயிலில் மாறும், அதனால் நாள் கணக்கில் அப்படியே விட்டுவிடாதீர்கள். பாலிஷே போடாத மரமாக இருந்து உள்ளே இறங்கியிருந்தால், நைஸ் உப்புத்தாளால் ரேகை போகும் திசையிலேயே லேசாகத் தேய்க்க வேண்டியதுதான். பெரிய இடம் என்றால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் லில்லியே வேண்டாம். மகரந்தம் ரோமத்தில் பட்டு, அதை நக்கினாலே சிறுநீரகம் கெட்டுவிடும்.

இனி வாங்கும்போது, மொட்டு விரிந்ததும் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் டிஷ்யூவால் பிடித்துக் கிள்ளிவிடுங்கள். அவை வெடித்துத் தூள் உதிர்வதற்குள் கிள்ள வேண்டும். ஒரே தண்டில் மொட்டுகள் ஒவ்வொன்றாகத்தான் விரியும், அதனால் தினமும் காலையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.