இளையோர் குயர்: வாசகர் கேள்வி, பதில்

பள்ளி, ஆலயம், கல்லூரி ஆகிய இடங்களில் சிறுவர்களையும் இளையோரையும் சேர்த்துப் பாடவைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

எங்கள் ஆலய இளையோர் குயரில் 12 முதல் 15 வயது வரை ஒன்பது பையன்கள். போன வருஷம் சொப்ரானோ (மேல் குரல் வரி) பாடியவர்களுக்கு இப்போது குரல் உடைகிறது. கொஞ்ச காலம் பாட வேண்டாம் என்று நிறுத்திவைப்பதா, பேஸில் (அடிக் குரல் வரி) சேர்த்துவிடுவதா?
*குயர் மாஸ்டர், பாளையங்கோட்டை*

இரண்டும் வேண்டாம். நிறுத்திவைத்த பையன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. பேஸில் தள்ளிவிட்டவனோ எட்டாத கீழ் ஸ்வரத்துக்காகத் தொண்டையை அழுத்தப் பழகிவிடுகிறான். பிறகு அந்தப் பழக்கத்தை எடுப்பது பெரும்பாடு.

இந்த வயதில் குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. நாண்கள் வளரும் வேகத்துக்கு அவற்றை ஆளும் தசைகளின் பழக்கம் ஈடுகொடுப்பதில்லை. குரல் திடீரென்று பிசிறுவது அதனால்தான். ஆனாலும் இது ஒரே நாளில் சொப்ரானோவிலிருந்து பேஸுக்குத் தாவுவதில்லை. அமெரிக்க இசை ஆசிரியர் ஜான் குக்ஸி இதைப் படிநிலைகளாக வகுத்துக் காட்டினார். மாறாத குரல் ஏறத்தாழ நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-யில் தொடங்கி மேல் ஸ்தாயி எஃப் வரை போகும். மாற்றம் தொடங்கியதும் முதலில் போவது மேல்பக்கம். உச்சம் மேல் சி அளவுக்கு இறங்கிவிடும். நடுக்கட்டத்தில் கீழ் எஃப் முதல் நடு ஸ்தாயி ஏ வரை. புதுக் குரல் வந்து அமரும்போது அதற்கும் அடுத்த கீழ் ஸ்தாயியின் பி வரை கிடைக்கும், மேலே நடு ஸ்தாயி டி ஷார்ப்போடு நின்றுவிடும்.

ஆலயப் பாட்டுப் புத்தகமான பாமாலையின் பேஸ் வரி இவர்களுக்கு ஏன் ஒத்துவருவதில்லை என்பது இதிலிருந்தே தெரியும். அது அடிக்கடி அந்த பி-யையும் தாண்டி ஜி-க்கும் அதற்கும் கீழே போகிறது. பேஸுக்கு மேலே உள்ள ஆண்குரல் வரியான டெனரோ நடு ஸ்தாயி ஈ, எஃப் என்று ஏறுகிறது. இரண்டும் கைக்கு எட்டாத இடம். ஆகவே இந்தப் பையன்களுக்கென்று தனி வரி ஒன்று எழுதுங்கள். கீழ் எஃப் முதல் நடு ஸ்தாயி டி வரை, அதாவது ஆறே ஸ்வரத்துக்குள். குரல் மாறும் எல்லாக் கட்டத்திலும் இந்த ஆறும் ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைக்கும். மேலைநாட்டில் இந்தக் குரலுக்கு ‘கேம்பியாட்டா’ என்றே பெயர் வைத்து, தனி வரி எழுதுகிறார்கள்.

யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறான் என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இருபதிலிருந்து பின்னோக்கி இயல்பாக எண்ணச் சொல்லுங்கள். அந்தப் பேச்சுக் குரல் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று கீபோர்டில் தேடுங்கள். அவன் வசதியாகப் பாடக்கூடிய கடைசிக் கீழ் ஸ்வரம் பெரும்பாலும் அதற்கு மூன்று, நான்கு அரைஸ்வரம் கீழே இருக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சோதித்துக் குறித்துவையுங்கள். எல்லோர் முன்னாலும் செய்யாதீர்கள். பிசிறுகிற குரலைக் கேட்டு நண்பர்கள் சிரித்துவிட்டால் அந்தப் பையன் அடுத்த வாரம் உதட்டை மட்டும் அசைப்பான்.

பெண்பிள்ளைகளுக்கும் இதே வயதில் குரல் மாறுகிறது. சத்தத்தோடு காற்றும் கலந்து வரும். நாண்கள் பின்பக்கம் முழுக்க மூடாததே காரணம். “இன்னும் சத்தமா” என்று கேட்டுக் கேட்டு அதைச் சரிசெய்ய முடியாது. நன்றாக நொட்டேஷன் படிக்கிறாள் என்பதற்காக ஒரு பிள்ளையை வருஷக்கணக்கில் ஆல்ட்டோவிலேயே (சொப்ரானோவுக்குக் கீழ் வரி) வைத்திருப்பதும் அநியாயம். சளி இல்லாமலே கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

பிள்ளைகள் சரியான சுருதியில் தொடங்குகிறார்கள். பாட்டு முடியும்போது கீபோர்டைத் தொட்டால் அரைஸ்வரம் இறங்கியிருக்கிறது. என்ன செய்வது?
*பள்ளி இசை ஆசிரியை, கோவை*

முதலில் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். கீபோர்டு இல்லாமல் பாடவைத்து, ஒவ்வொரு வரி முடிவிலும் சுருதியை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பாட்டு முழுக்க ஒரே சீராக இறங்குவது அபூர்வம். அநேகமாக இரண்டு மூன்று இடங்கள்தான் இருக்கும். ஒரே ஸ்வரம் நாலைந்து முறை திரும்ப வரும் இடம், படிப்படியாகக் கீழே வரும் இடம், மூச்சு தீரும் வரி முடிவு. சங்கராபரணத்தில் ‘ம க’ என்று இறங்கும்போது காந்தாரத்தை வேண்டியதைவிடக் கீழே விட்டுவிடுவார்கள். அந்த வரியை மட்டும் எடுத்து ‘ஊ’ என்று மெலிதாகப் பாடவையுங்கள். திரும்ப வரும் ஸ்வரத்தை ஒவ்வொரு முறையும் மயிரிழை மேலே வைப்பதாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பலரும் செய்யும் தவறு, பிள்ளைகளுக்குச் சிரமம் என்று பாட்டையே கீழிறக்குவது. பெரியவர்களுக்கு வசதியான ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியில் மாறாத குரல்களைப் பாடவிட்டால் நெஞ்சுக்குரலில் அழுத்திப் பாடுவார்கள், சுருதியும் கூடவே இறங்கும். அரைக்கட்டை, ஒரு கட்டை ஏற்றிப் பாருங்கள். பல சமயம் அதிலேயே தீர்ந்துவிடும்.

கீபோர்டு வாசிப்பவர் மெலடியை அப்படியே கூட வாசித்துக்கொண்டிருந்தால், பிள்ளைகள் கேட்டுப் பாட மாட்டார்கள், அதில் சாய்ந்துகொண்டு பாடுவார்கள். பயிற்சியில் பாதி நேரமாவது ச, ப மட்டும் ஒலிக்கும் சுருதிப்பெட்டியோடு பாடட்டும். மற்றபடி மதியம் சாப்பிட்டு முடித்த பீரியடில் பெஞ்சில் சாய்ந்து பாடினால் யார் பாடினாலும் சுருதி இறங்கும். எழுந்து நிற்கவையுங்கள்.

நான் கர்நாடக சங்கீதம் கற்றவள். கல்லூரியில் சேர்ந்திசைக் குழுவை நடத்தச் சொல்கிறார்கள். தொடையில் தாளம் போட்டுக் காட்டினால் போதாதா? எதற்குக் கையை வீச வேண்டும்?
*தஞ்சாவூர் வாசகி*

தாளம் போடுவது எண்ணிக்கையைச் சொல்லும். அடுத்து வரப்போவதைச் சொல்லாது. நாற்பது பேர் ஒன்றாக மூச்சு எடுத்து ஒன்றாகப் பாடத் தொடங்க வேண்டுமென்றால், எடுப்புக்கு (பாட்டு தொடங்கும் இடம்) முந்தைய அட்சரம் (தாளத்தின் ஒரு எண்ணிக்கை) அவர்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கை அசைவின் முக்கால்வாசி வேலை இந்த ஆயத்த வீச்சுதான். அது பாட்டின் காலப்பிரமாணத்திலேயே (வேகத்திலேயே) இருக்க வேண்டும். அதே வீச்சில் நீங்களும் வாய்வழியாக மூச்சு எடுக்க வேண்டும். வீச்சு வேகமாகவும் பாட்டு மெதுவாகவும் இருந்தால் முதல் வரியிலேயே இழுபறி. தொடையில் தட்டும் சத்தம் மைக்கில் விழும் என்பது தனித் தொல்லை.

நான்கு அடி கொண்ட வீச்சு, வலது கைக்கு: கீழே, இடப்பக்கம் உள்ளே, வலப்பக்கம் வெளியே, மேலே. ஆதி தாளத்துக்கு இதை இருமுறை போட்டால் எட்டு அட்சரம். லகு என்ற தாள அங்கத்துக்குரிய முதல் நான்கைச் சற்று அகலமாகவும், இரண்டு திருதங்களுக்கான அடுத்த நான்கைச் சிறிதாகவும் காட்டினால் சமம் (தாளச் சுற்றின் தொடக்கம்) எங்கே என்று பாடுபவர்களுக்குக் குழப்பம் வராது. மிஸ்ர சாபுவை ஏழு தனி அடியாக வீசினால் கை நடுங்குவது போலத் தெரியும். மூன்று அடியாகப் போடுங்கள், முதல் அடி நீளம் (3+2+2). கண்ட சாபு இரண்டே அடி, இரண்டாவது நீளம் (2+3).

உங்களுக்குப் பழகிய, சமத்துக்கு அரை அட்சரம் தள்ளித் தொடங்கும் ‘அரை இடம்’ எடுப்புதான் குழுவில் அதிகம் சறுக்கும் இடம். சமத்தில் யாரும் பாடுவதில்லை, ஆனால் மூச்சு அங்கேதான். ஆகவே சமத்தில் அழுத்தமான ஒரு கீழ்வீச்சு கொடுங்கள். அதில் அவர்கள் மூச்சு எடுப்பார்கள், பாதி அட்சரம் தள்ளிப் பாட்டு வரும். சமத்தை மனசுக்குள் எண்ணிவிட்டு எடுப்பில் மட்டும் கையைக் காட்டினால் பத்துப் பேர் முந்துவார்கள், மீதிப் பேர் அவர்களைப் பார்த்துப் பின்னால் வருவார்கள்.

இடது கை வலது கையின் நிழலாக ஆடக்கூடாது. எந்தக் குரல் வரிசை வர வேண்டும், எங்கே மெலிய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே முழுப் பாட்டையும் நீங்கள் பாடாதீர்கள். பாடினால் உங்கள் காதில் உங்கள் குரல்தான் விழும். மூன்றாவது வரிசையில் யாரோ தைவதத்தைத் தவறவிடுவது கேட்காது.

மோகனத்தில் ஒரு தமிழ்ப் பாடலுக்கு ஹார்மனி போட ஆசை. கீபோர்டு நண்பர் கார்ட் வாசித்தால் ராகம் காணாமல் போகிறது.
*கல்லூரி மாணவர், சென்னை*

போகத்தான் செய்யும். அவர் வழக்கமான மூன்று கார்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) போட்டிருப்பார். ச-விலிருந்து எழும் கார்டில் ச க ப மட்டும் இருப்பதால் சிக்கல் இல்லை. அடுத்த இரண்டில் ஒன்றில் மத்யமமும் (ம) மற்றொன்றில் நிஷாதமும் (நி) உள்ளே வந்துவிடும். மோகனத்தில் இரண்டும் இல்லை. கேட்பவர் காதில் அது சங்கராபரணம் ஆகிவிடும்.

ராகத்துக்குள்ளேயே கிடைப்பதை வைத்துக்கொள்ளுங்கள். ச-க-ப முழுக் கார்ட், த-ச-க இன்னொரு முழுக் கார்ட். ப-ரி, ரி-த இரண்டும் ச-ப போன்ற வெறும் பஞ்சம உறவுகள். நடு ஸ்வரம் சேர்க்காமல் அப்படியே விடுங்கள், அழகாக இருக்கும். அதைவிட எளிதான வழி, குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தள்ளி இரண்டாவது குழு அதே மெட்டைத் தொடங்குவது. மோகனத்தில் அடுத்தடுத்த ஸ்வரங்களுக்கிடையே அரைஸ்வர இடைவெளியே இல்லை என்பதால் எது எதோடு மோதினாலும் காது கூசாது.

கமகத்தை (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) என்ன செய்வது என்பது இன்னும் பெரிய கேள்வி. முப்பது பேர் முப்பது விதமாக அசைத்தால் குழைந்துவிடும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிப் போகும் மெதுவான ஜாருவை வைத்துக்கொண்டு மற்றவற்றை நேர் ஸ்வரமாக்கிவிடுங்கள். தோடி, பைரவி போன்ற ராகங்களுக்கு ஹார்மனி வேண்டவே வேண்டாம். சுருதியோடு ஒரே குரலாகப் பாடினால்தான் மரியாதை. தமிழில் பல்குரல் சேர்ந்திசைக்கு வழி காட்டியவர்களில் முக்கியமானவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் (1925–1988). சென்னையில் அவர் நடத்திய மெட்ராஸ் யூத் குயர் பாடிய விதத்தைக் கேட்க வாய்ப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

பாட்டு நன்றாக இருந்தது, வார்த்தை ஒன்றும் விளங்கவில்லை என்கிறார்கள்.
*வேலூர் வாசகர்*

தமிழில் இதற்கு முதல் காரணம் சொல்லின் கடைசி உகரம். ‘காற்று’, ‘பாட்டு’ என்று பேசும்போது உதடு குவிவதில்லை. அதையே நான்கு அட்சரம் நீட்டச் சொன்னால் பாதிப் பேர் உதட்டைக் குவிப்பார்கள், மீதிப் பேர் குவிக்க மாட்டார்கள். ‘மலை’, ‘அலை’ என்று முடிந்தால் சிலர் ‘லை’, சிலர் ‘லெ’. சுருதி சரியாக இருந்தும் மங்கலாகக் கேட்பது இதனால்தான். எப்படி என்பதை நீங்கள் முடிவுசெய்து, எல்லோர் தாளிலும் எழுதவையுங்கள்.

அடுத்தது மெய்யெழுத்து. ‘வானம்’ என்று நீட்டினால் ‘ம்’ எந்த அட்சரத்தில் மூடுகிறது என்று சொல்லிவிடுங்கள். ஆங்கிலக் கேரலில் கடைசி ‘ஸ்’ வந்தால் ஓரிருவர் மட்டும் சொன்னால் போதும். எல்லோரும் சொன்னால் குக்கர் ஆவி விடுவது போல இருக்கும்.

கிறிஸ்துமஸ் கேரலுக்கு முப்பது இளையோர். பத்துப் பேருக்குக்கூட ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதும் இசைக்குறி) தெரியாது. எத்தனை வாரம் முன்னால் தொடங்க வேண்டும்?
*நாகர்கோவில் வாசகி*

வாரம் ஒன்றரை மணி நேரம் என்றால், ஆறு பாட்டுக்கு பத்து வாரம் வேண்டும். அக்டோபர் முதல் வாரமே தொடங்கிவிடுங்கள். பத்து நிமிஷம் மூச்சும் குரல் தயாரிப்பும்: ‘ஸ்ஸ்’ என்று சீராகக் காற்று விடுவது, உதட்டை அதிரவிட்டு ஏறி இறங்குவது, வாயை மூடி முனகுவது. பிறகு உடனே அன்றைக்கு மிகக் கடினமான இடம். தெரிந்த பாட்டை முதலில் பாடி நேரத்தைக் கரைக்காதீர்கள், அதைக் கடைசி பத்து நிமிஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வரி கற்றுக்கொடுக்கும்போது சொப்ரானோவைக் கடைசியில் வையுங்கள். மெலடி காதில் ஏறிவிட்டால் ஆல்ட்டோக்காரர்கள் தங்கள் வரியை விட்டு அதற்கு நழுவிவிடுவார்கள். முதலில் பேஸ், அதன்மேல் ஆல்ட்டோ, பிறகு டெனர்.

டானிக் சொல்ஃபா (டோ, ரே, மி என்று எழுதும் முறை) தெரிந்த பெரியவர்கள் உங்கள் பக்கத்தில் நிச்சயம் இருப்பார்கள், அதையே பயன்படுத்துங்கள். கர்னாடகம் கற்ற பிள்ளைகள் இருந்தால் ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுங்கள்: சொல்ஃபாவில் மைனர் பாட்டின் ஆதார ஸ்வரம் ‘லா’, அவர்கள் மனதில் ஆதாரம் எப்போதும் ‘ச’. சொல்லாமல் விட்டால் அந்த ஒரு பாட்டில் மட்டும் காரணம் தெரியாமல் தடுமாறுவார்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது ஒவ்வொரு வரிக்கும் தனி ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒரு காதில் அந்த வரி மட்டும், மறு காதில் நான்கும் சேர்ந்து.

ஒரு பிள்ளை எப்போதும் சுருதி சேராமல் பாடுகிறான். எடுத்துவிடலாமா?
*திருச்சி ஆசிரியர்*

வேண்டாம். நீங்கள் கொடுக்கும் ஸ்வரத்தைப் பாடச் சொல்லாமல், அவனை ஏதாவது ஒரு ஸ்வரத்தைப் பாடச் சொல்லி அதற்கு நீங்கள் போய்ச் சேருங்கள். இரண்டு குரலும் ஒன்றாவது எப்படி இருக்கும் என்று அவன் காது முதலில் உணரட்டும். அங்கிருந்து ஒவ்வொரு அரைஸ்வரமாக ஏற்றுங்கள். நீங்கள் ஆண் என்றால் இன்னொன்று: ஒரு ஸ்தாயி கீழே பாடிக் காட்டினால் சின்னப் பிள்ளைகள் குழம்புவார்கள். பொய்க்குரலில் பாடிக் காட்டுங்கள், அல்லது நன்றாகப் பாடும் ஒரு பிள்ளையைப் பாடவையுங்கள். பிறகு சுருதி சுத்தமான இருவருக்கு நடுவே அவனை நிறுத்துங்கள், முன் வரிசை ஓரத்தில் அல்ல.

மேடையில் மைக் எத்தனை?
*மதுரை வாசகர்*

இருபது பேர் வரை ஒன்று, நாற்பது பேருக்கு இரண்டு கண்டென்சர் மைக். முன்வரிசைக்கு இரண்டு மூன்று அடி முன்னால், அவர்கள் தலைக்கு இரண்டு மூன்று அடி மேலே, கடைசி வரிசையை நோக்கிச் சாய்த்து வையுங்கள். இரண்டு மைக்குக்கும் இடையிலான தூரம், மைக்கிலிருந்து பாடுபவருக்குள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். குறைந்தால் ஒரே குரல் இரண்டிலும் விழுந்து ஓட்டைப் பானை மாதிரி ஒலிக்கும். கையில் பிடிக்கும் மைக்கை நால்வருக்கு ஒன்று என்று கொடுப்பதை ஒலிபெருக்கிக்காரர் வற்புறுத்தினாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். மைக் பிடித்தவரின் குரல் மட்டும்தான் வெளியே கேட்கும்.